மூன்றாவது கியரில் ஒரு குடும்பத் தலைவன்

ஆட்டோமேட்டிக் வண்டி என்றால் கிளட்ச் மிதிக்க வேண்டாம், இடது முழங்காலுக்கு ஓய்வு என்று சொல்லித்தான் அந்தப் பழைய எஸ்.யூ.வி.யை என் தலையில் கட்டினார்கள். இப்போது வண்டி அடிக்கடி பட்டறையில் படுத்துக்கொள்வதால், அதே முழங்காலோடு பஸ் ஸ்டாப்புக்கு நடந்துகொண்டிருக்கிறேன்.

நோய் ஒரே மாதிரி வந்தாலாவது மெக்கானிக்கிடம் சொல்லித் தொலைக்கலாம். ஒரு நாள் இரண்டிலிருந்து மூன்றுக்கு மாறும்போது இன்ஜின் மட்டும் ‘ஊ’வென்று ஊளையிடும், வேகம் கூடாது. மறுநாள் பின்னாலிருந்து யாரோ உதைத்த மாதிரி குலுங்கும். பின்சீட்டிலிருந்து மாமியார், “மாப்பிள்ளை கோவமா இருக்காரா?” என்று மகளிடம் கிசுகிசுத்தார். நான் ஆக்சிலரேட்டரில் கால் வைத்ததோடு சரி. எந்த கியர், எப்போது என்பதையெல்லாம் உள்ளே இருக்கும் கம்ப்யூட்டர் பார்த்துக்கொள்கிறது. வீட்டில் எனக்குப் பழகிய ஏற்பாடுதான்.

சேலத்திலிருந்து ஏற்காட்டுக்கு 20 கொண்டை ஊசி வளைவுகள். பாதி மலையில் ‘ஓ.டி. ஆஃப்’ விளக்கு சிமிட்ட ஆரம்பித்தது. வண்டி மூன்றாவது கியரிலேயே நின்றுகொண்டது. உள்ளே ஏதோ சரியில்லை என்று சந்தேகம் வந்தால், கியர்பாக்ஸ் நாசமாகாமலிருக்க கம்ப்யூட்டர் ஒரே கியரைப் பிடித்துக்கொள்ளுமாம். லிம்ப் மோடு என்கிறார்கள். வாழைத்தார் கட்டிய மொபெட் ஒன்று எங்களை முந்திப் போனது. ஓட்டியவர் திரும்பிப் பார்த்தது மரியாதைக்கா, பரிதாபத்துக்கா என்பதில் எனக்கும் மனைவிக்கும் இன்றுவரை ஒத்த கருத்து இல்லை. ஓரங்கட்டி, ஆஃப் செய்து, மறுபடி ஸ்டார்ட் செய்தால் ஒன்றுமே நடக்காத மாதிரி ஓடியது.

வீடு திரும்பியதும், சரி, ஆயிலைப் பார்ப்போம் என்று இறங்கினேன். இன்ஜின் ஆயிலை இன்ஜினை நிறுத்திவிட்டுப் பார்க்க வேண்டும். என் வண்டியின் கியர் ஆயிலையோ நன்றாகச் சூடேறிய பிறகு, இன்ஜின் ஓடும்போதே, ‘பி’யில் வைத்துப் பார்க்க வேண்டும். கம்பியை உருவி, கிழிந்த வேட்டித் துண்டில் துடைத்து, திரும்ப விட்டு எடுத்தேன். செக்கச்சிவப்பாக இருக்க வேண்டியது கஷாய நிறத்தில் சொட்டியது. வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்து, புருவத்தைச் சுருக்கி, நான் ஒரு முடிவுக்கு வருவதற்குள் சமையலறை ஜன்னலிலிருந்து குரல்: “என்னங்க அங்க அடிப்பிடிக்குது?” லேப் ரிப்போர்ட் வந்துவிட்டது.

அடி நட்டைக் கழற்றினால் மொத்த ஆயிலும் வராது. பெரும்பங்கு டார்க் கன்வெர்ட்டருக்குள் பதுங்கியிருக்கும். ஊற்றி, ஓட்டி, வடித்து, மறுபடி ஊற்ற வேண்டும். இதெல்லாம் முடிந்ததும் குலுக்கல் குறைந்தது. விளக்கு மட்டும் விடவில்லை.

ஒரு மெக்கானிக் “கியர்பாக்ஸ இறக்கணும்” என்றார். இன்னொருவர் சாலினாய்டு என்றார். மூன்றாமவர் ஸ்கேனர் மாட்டி, பி0700 என்று வாசித்தார். பொருள் கேட்டேன். “கியர் சிஸ்டத்துல ஏதோ கோளாறுங்க.” இதை என் மாமியார் இலவசமாகவே சொல்லியிருந்தார்.

உதவிக்கு நின்ற பையன்தான் இன்னும் துருவி, பி0720 என்ற எண்ணைக் கண்டுபிடித்தான். வெளிவரும் தண்டின் வேகத்தைச் சொல்லும் சென்சார் சரியாகப் பேசவில்லை. என்ன வேகம் என்றே தெரியாமல் கம்ப்யூட்டர் எந்த கியரைப் போடும்? பையன் வண்டிக்கடியில் புகுந்து ஒரு ஒயரை இழுத்துக் காட்டினான். மேல்தோல் முழுக்கப் பல்தடம். உள்ளே இரண்டே இரண்டு செம்பு இழைகள் ஒட்டிக்கொண்டிருந்தன. சமதளத்தில் தொடும், வளைவில் குலுங்கினால் விடும்.

எலி!

1940-ம் வருட மாடல் ஓல்ட்ஸ்மொபைலில் ஜெனரல் மோட்டார்ஸ் ஹைட்ராமேட்டிக்கை வைத்தபோது, ஆயில் அழுத்தத்தாலேயே நான்கு கியரும் மாறின. கம்ப்யூட்டர் இல்லை, சென்சார் இல்லை. அந்தக் காலத்து எலிகள் பாவம், என்ன செய்தனவோ.

ஒயரைப் பற்றவைத்தோம். அடுத்த மாதம் பக்கத்து ஒயரைக் கடித்தது. பானட்டுக்குள் புகையிலை கட்டித் தொங்கவிட்டால் எலி அண்டாது என்று தெருவே சொன்னதால், வாழ்க்கையில் முதல்முறையாகப் பெட்டிக்கடையில் போய் ஒரு கட்டுப் புகையிலை கேட்டேன். எனக்குப் பின்னால் வெற்றிலை வாங்க மாமனார் நின்றுகொண்டிருந்தார்.

“வண்டிக்குங்க” என்றேன், இருவருக்கும் கேட்கிற மாதிரி.

கடைக்காரர் முகத்தில் ஒரு மாற்றமும் இல்லை. காகிதத்தில் மடித்தபடியே கேட்டார்: “வண்டிக்குச் சுண்ணாம்பும் வைக்கட்டுங்களா?”