நீர்புகு சீருந்து: இடர்வகுப்பியல்

மாணாக்கனே, கேள். குண்டசாலையை மாவலியாறு வளைத்தோடுகிறது. 1707 முதல் 1739 வரை கண்டியை ஆண்ட வீர நரேந்திரசிங்கன் இங்கே அரண்மனை கட்டி வாழ்ந்தான். அவனிடம் சீருந்து இல்லை. எனவே இந்நூல் இதுகாறும் எழவில்லை.

நீர்புகும் சீருந்துக்கு வரும் இடர் நால்வகைத்து. 2025 நவம்பர் இறுதியில் டித்வாப் புயலால் ஆறு கரைபுரண்டதும் மலை சரிந்ததும் இவற்றுள் அடங்கா. அவை பேரிடர், ஆங்கே சீருந்தைப் பேசுதல் முறையன்று.

1. மூச்சடை: பொறி காற்றுண்டு வாழ்வது. பொறிமூடியின் கீழுள்ள அதன் மூக்கு நீரை உறிஞ்சின், நீர் உருளைக்குள் சேரும். காற்று அழுந்தும், நீர் அழுந்தாது. வளைவது இணைப்புத்தண்டே. டீசற் பொறியில் உருளைத்தலை இடம் குறுகியது. சிறிதளவு நீரே அமையும். இது மூவகைப்படும்.

(அ) தன்னலை: விரைந்தோடித் தானெழுப்பிய அலையைத் தானே குடித்தல்.

(ஆ) பிறனலை: எதிர்வந்த தனியார் பேருந்தின் அலையைக் குடித்தல். பேருந்து விரைவு தணிக்கும் என்பார் கூற்று ஆராயத்தக்கது.

(இ) மீள்முடுக்கு: நின்ற பொறியை மீண்டும் எழுப்ப முயலுதல். மூன்றனுள் கொடியது இதுவே. மெல்லச் சென்று நின்ற பொறியில் தண்டு இன்னும் நேராகவே இருக்கக்கூடும். அதை வளைப்பது திறவுகோல் பிடித்த கை. இது தானே திருகலும், கரையில் குடை பிடித்து நிற்போர் “அண்ணே, இன்னொருக்கா ஸ்டார்ட் பண்ணிப் பாருங்க” எனக் கொச்சையில் ஏவத் திருகலும் என இருபாற்படும். பின்னதில் பழி பகிரப்படும், செலவு பகிரப்படாது.

2. மிதப்பு: ஓடுநீர் ஓரடி ஆழமாயின் சிறு சீருந்தை நகர்த்த வல்லது, ஈரடியாயின் பெரியவற்றையும் கொண்டேகும். அந்நொடியே அது கலமாகிறது. கலம் இந்நூலின் எல்லைக்கு அப்பாலது.

3. பிடிவழு: நனைந்த தடை பிடியாது. கரையேறிய பின் மெல்ல ஓட்டி, தடைமிதியை இடையிடையே அழுத்தி உலர்த்துக.

4. பின்னோய்: நாள் கடந்து வெளிப்படுவது. பல்லிணைப் பெட்டியுள் நீர் கலந்த எண்ணெய் பால்தேநீர் போல் வெளுக்கும். அக்குவா முதலான கலப்பியங்கிகள் மின்கலத்தைப் பின்னிருக்கையின் கீழ்ச் சுமப்பன. ஆகலின் அவற்றுள் புகுநீர் இருக்கையை மட்டும் நனைத்து அமையாது.

பழுதுபார்க்கும் பாஸ் நீட்டும் விலைச்சீட்டை ஐந்தாம் வகையாகக் கொள்வாரும் உளர். அது நீருள் விளைவதன்று, நீர் வடிந்தபின் விளைவது, ஆதலின் ஏலாது.