பேய் வராத பேய்க்கதை

கேள்வி: கோடி கோடியாய்க் கொட்டி எடுத்த படத்துக்குப் போனாலும் இடைவேளைக்குள் கொட்டாவி வந்துவிடுகிறதே, ஏன்?
(ஒரு வாசகர், திண்டுக்கல்)

பதில்: கோடிகளை எண்ண வருமான வரித்துறை இருக்கிறது, ரசிகன் காட்சிகளைத்தானே எண்ணுவான்? ஸ்ரீதரின் 'காதலிக்க நேரமில்லை' (1964) படத்தில் நாகேஷ் கதை சொல்லும் காட்சியை இன்றிரவே ஒருமுறை போட்டுப் பாருங்கள். ஓஹோ புரொடக்‌ஷன்ஸ் முதலாளி செல்லப்பா தன் அப்பாவுக்குத் திகில் கதை சொல்கிறான். பேய் திரைக்கு வருவதே இல்லை. கிராபிக்ஸுக்குச் செலவு சுத்தமாகப் பூஜ்யம். நாகேஷ் வாயாலேயே சத்தம் எழுப்பி நம் பக்கத்தில் பேயைக் கொண்டுவந்து உட்கார வைத்துவிடுகிறார்!

ஆனால் அந்தக் காட்சியில் பாதிப் பங்கு அப்பாவாக வரும் டி.எஸ். பாலையாவுக்குத்தான் என்று அடித்துச் சொல்வேன். அதிகம் பேசாமல், மிரண்ட கண்களாலேயே நாகேஷுக்கு ஈடுகொடுக்கிறார். இன்று பல படங்களில் நாயகன் பேசும்போது எதிரே நிற்பவருக்குத் தலையாட்டும் வேலைதான். கொட்டாவி அங்கிருந்துதான் கிளம்புகிறது. 'காதலிக்க நேரமில்லை'யின் சிரிப்புக்குப் பின்னால் ஸ்ரீதரோடு சித்ராலயா கோபுவின் பேனாவும் இருந்தது. 1966இல் இதே கதை 'பியார் கியே ஜா' என்று இந்திக்கும் போய்ச் சிரிக்க வைத்தது.

கேள்வி: நீங்கள் தயாரிப்பாளரானால்?
(ஒரு வாசகி, நாகர்கோவில்)

பதில்: முதல் செக் எழுத்தாளருக்கு. ஹீரோவுக்கு அப்புறம்தான், அதுவும் அவர் கதையை முழுசாகக் கேட்டிருந்தால்!