காசு கேட்டால் காது கொடுப்பவன்

ஊரில் எல்லோரும் திடீரென்று முணுமுணுக்க ஆரம்பித்துவிட்டார்கள் என்றுதான் ரொம்ப நாள் நம்பிக்கொண்டிருந்தேன். வங்கிக் கவுண்டரில் இருக்கும் பெண், என் பேரன், டிவியில் செய்தி வாசிப்பவர், யாருக்குமே வாயைத் திறந்து பேச வரவில்லை. "இந்தக் காலத்துப் பிள்ளைங்களுக்கு உச்சரிப்பே கிடையாது" என்று போகிற இடத்திலெல்லாம் அங்கலாய்ப்பேன். என் காதின்மேல் சந்தேகமே வரவில்லை. ராத்திரி கொசு வந்தால் வீட்டில் முதலில் எழுந்து உட்காருகிறவன் நான்தானே!

கொசுவை சாட்சிக்கு அழைத்திருக்கக் கூடாது. மனிதக் காது 20 முதல் 20,000 ஹெர்ட்ஸ் வரை கேட்கும் என்பார்கள். பெண் கொசுவின் ரீங்காரம் 500 ஹெர்ட்ஸை ஒட்டியது. அந்தக் கீழ்ச்சுருதி கிழவனுக்கும் கேட்கும்.

என்னைப் போட்டுக்கொடுத்தது டிஜிட்டல் தெர்மாமீட்டர். காய்ச்சலோடு அதைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு, 'பீப்' வரட்டும் என்று ஆடாமல் அசையாமல் உட்கார்ந்திருந்தேன். மட்டமான சரக்கு என்று கடைக்காரரைத் திட்டி முடித்த பிறகு பேரன் சொன்னான்: "தாத்தா, அது அப்பவே அடிச்சு ஓஞ்சிடுச்சு." நம்பாமல் போய் வேறொன்று மாற்றி வாங்கிவந்தேன். அதுவும் ஊமை.

செவித்திறன் சோதனையிலும் யோக்கியமாக நடந்துகொள்ளவில்லை. ஹெட்போனில் சத்தம் கேட்டால் பொத்தானை அழுத்த வேண்டும். எனக்குக் கேட்கவில்லை, ஆனால் கண்ணாடிக்கு அந்தப் பக்கம் ஆடியாலஜிஸ்ட் பெண்ணின் கை அசைவது தெரிந்தது. அதைப் பார்த்து அழுத்தினேன். அவர் ஒன்றும் சொல்லாமல் என் நாற்காலியைச் சுவர்ப் பக்கம் திருப்பிப் போட்டார். பிறகு வந்த ஆடியோகிராமில் கோடு 1,000 ஹெர்ட்ஸ் வரை ஒழுங்காக வந்து, 2,000ஐத் தாண்டியதும் சரிந்து கீழே போயிருந்தது.

உள்காதில் இருக்கும் காக்ளியா, நத்தை ஓடுபோல இரண்டரைச் சுற்றுக்குச் சற்று அதிகமாகச் சுருண்டிருக்கும். பிரித்து நீட்டினால் சுமார் 35 மில்லிமீட்டர். அதன் நெடுக ஓடும் பேசிலார் சவ்வு, அங்கவடி எலும்பு தட்டுகிற வாசல் பக்கம் குறுகலாக, விறைப்பாக இருக்கும்; உள்ளே போகப்போக அகன்று தொளதொளவென்றாகும். உச்சச் சுருதிக்கு வாசல் பக்கம் ஆடும், கீழ்ச்சுருதிக்கு உள்கோடி. வயதானால் முதலில் போவது வாசல்தான்.

ஒலி பட்டதும் சவ்வில் இப்படி அலை ஓடுவதைக் கண்டு சொன்னதற்காக 1961இல் நோபல் பரிசு வாங்கியவர் கியார்க் வான் பெக்கசி. ஹங்கேரித் தபால் துறையின் தொலைபேசி ஆய்வகத்தில் வேலை பார்த்தவர். அவர்மேல் எனக்குத் தனிப் பிரியம், ஏனென்றால் அவரும் ஒன்றைக் கோட்டைவிட்டார். அவர் ஆராய்ந்தது பெரும்பாலும் பிணங்களின் காது. உயிருள்ள காது அதைவிட வெகு நுணுக்கமாகச் சுருதி பிரிக்கும். காதுக்குள்ளேயே ஒரு பெருக்கி இருக்க வேண்டும் என்று 1948இல் தாமஸ் கோல்ட் சொன்னபோது யாரும் காதில் போட்டுக்கொள்ளவில்லை. 1978இல் டேவிட் கெம்ப், காதிலிருந்தே ஒலி வெளியே வருவதை மைக் வைத்துப் பிடித்துக் காட்டினார். பச்சைக் குழந்தைகளின் காதை இன்று அந்த ஒலியை வைத்தும் சோதிக்கிறார்கள்.

அந்தப் பெருக்கி, வெளி ரோமச் செல்கள். ஒரு காதில் சுமார் 12,000. சத்தத்துக்கேற்பச் சுருங்கி நீண்டு மெல்லிய ஒலியைத் தூக்கிக்கொடுப்பவை. மூளைக்குச் சேதி அனுப்புகிற உள் ரோமச் செல்கள் 3,500தான். மனிதருக்குப் போனால் போனதுதான்; கோழிக்கு மறுபடி முளைக்கும். என் கணக்கில் பாதியாவது ஊர்த் திருவிழாவில் போயிருக்கும். குழாய் ஸ்பீக்கர் கட்டிய கம்பத்தடியில் உட்காருவது அந்த வயதில் ஒரு கௌரவம்.

உயிரெழுத்துகள் கீழ்ச்சுருதியில் பலமாக வரும். மெய்யெழுத்துகளில் பல மேலே மெலிந்து வரும், 'ச' முக்கியமாக. பேரன் "தாத்தா, காசு குடுங்க" என்று கேட்டான். நான் ஏதோ ரகசியம் என்று குனிந்து காதைக் கொடுத்தேன். அவன் அதற்குள்ளும் "காசு" என்றான்.

மனைவியின் குறை வேறு. "சத்தமாச் சொல்லு" என்பேன், அவள் சத்தமாகச் சொன்னதும் "ஏன் கத்துறே?" என்பேன். பெருக்கி போனால் மெல்லிய ஒலி வராது, உரத்த ஒலி மட்டும் கிட்டத்தட்ட முழுசாக வந்து இறங்கும் என்று ஆடியாலஜிஸ்ட் விளக்கினார். "கத்த வேண்டாம்மா, முகத்தைப் பார்த்து நிதானமாப் பேசுங்க" என்றார். மனைவி என்னைப் பார்த்த பார்வைக்கு எந்தச் சுருதியும் தேவைப்படவில்லை.

காதுக் கருவி வாங்கியாயிற்று. மாட்டிய அன்று பிளாஸ்டிக் பை இடிபோல் கசங்கியது. நான் அப்பளம் கடித்தது எனக்கே பொறுக்கவில்லை. உள்ளே போகும் சத்தத்துக்கு மூளை மெல்லப் பழகும், தினமும் போட்டால்தான் பழகும் என்றார்கள். அலமாரியில் இருக்கிறது. பேட்டரியை மிச்சப்படுத்துகிறேன் என்று வீட்டில் சொல்லியிருக்கிறேன்.