நல்லவர்கள் குடியிருக்கும் தெரு

சாக்கடை அடைப்புக்குக் கூட ஒன்றுசேராத எங்கள் குடியிருப்போர் நலச் சங்கம், சென்ற மாதம் ஒருமனதாகத் தீர்மானம் போட்டது. குறுக்குத் தெருவில் ஒரு வீட்டை அறிவுசார் குறைபாடுள்ள நான்கு பேர், இரண்டு பராமரிப்பாளர்களோடு வாடகைக்கு எடுக்கவிருந்தார்கள். அதைத் தடுத்தாக வேண்டுமே!

"நாங்க அவங்களுக்கு எதிரி இல்ல சார். ஆனா பொம்பளப் பிள்ளைங்க இருக்கிற ஏரியா" என்றார் செயலாளர். அவர் வீட்டு மாடியில் பன்னிரண்டு பேச்சலர்கள். வாடகை ஒழுங்காக வருவதால் அங்கே பிள்ளைகளுக்கு ஆபத்தில்லை. பொருளாளருக்கு மனை விலைக் கவலை. முனையில் டாஸ்மாக் வந்தபோது இறங்காத விலை, நாலு பேர் காலையில் செடிக்குத் தண்ணீர் ஊற்றினால் சரிந்துவிடுமாம். வீட்டுக்காரர் அட்வான்ஸைத் திருப்பிக் கொடுத்துவிட்டார்.

கல்நெஞ்சக்காரர்கள் என்று மட்டும் சொல்லிவிடாதீர்கள். பேரனுக்குப் பிறந்தநாள் என்றால் ஊருக்கு வெளியே இருக்கும் அறிவுசார் குறைபாடுள்ளோர் இல்லத்துக்கு வேன் பிடித்துப் போகிறவர்கள் இவர்கள். அங்கே எல்லோரும் தட்டோடு உட்கார்ந்திருப்பார்கள். கேசரி ஆறிக்கொண்டிருக்கும், போட்டோகிராஃபர் வராமல் கரண்டி அசையாது. நாற்பது வயதுக்காரரைக் கைதட்டச் சொல்லி 'ஹேப்பி பர்த்டே' பாட வைப்பார்கள். அவருடைய பிறந்தநாள் எதுவென்று ஒருவரும் கேட்டதில்லை. கணக்கில் புண்ணியம் ஏற வேண்டும், அவ்வளவுதான். அதே மனிதர் பக்கத்து வீட்டில் பல் துலக்கினால் தெருவின் மானம் போய்விடும்.

இப்படி ஊர்க்கோடிக்குத் தள்ளித் தள்ளித்தான் 2001 ஆகஸ்ட் 6 அன்று ஏர்வாடியில், மனநலக் காப்பகத்தில் சங்கிலியில் கட்டிவைக்கப்பட்டிருந்த 28 பேரைத் தீக்குக் கொடுத்தோம். பிறகு சட்டங்கள் வந்தன. மற்றவர்களைப் போல ஊருக்குள் வாழும் உரிமையை 2016ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம், 5ஆம் பிரிவிலேயே எழுதி வைத்திருக்கிறது. எங்கள் சங்கத் தீர்மானம் அதைவிடப் பெரிய சட்டம் போலும். தமிழக அரசும் தாராளம்தான்: இவர்களைப் போன்றவர்களுக்கான மாதாந்திரப் பராமரிப்பு உதவித்தொகையை 2023இல் 1,500 ரூபாயிலிருந்து 2,000 ஆக்கியது. நாளுக்கு இரண்டு டயப்பர் வாங்கிவிட்டு, மிச்சம் இருந்தால் சோறு தின்னலாம்.

இவர்களை ஊருக்குள் வாழவைப்பது நடக்காத காரியமா? 'தி பேன்யன்' அமைப்பு 2015 முதல், மனநலச் சிகிச்சைக்குப் பின் போக இடமில்லாதவர்களை நாலைந்து பேராகச் சாதாரண வாடகை வீடுகளில் குடியமர்த்தி வருகிறது. சமைக்கிறார்கள், கடைக்குப் போகிறார்கள், சண்டையும் போடுகிறார்கள், நம்மைப் போலவே.

அன்றைய கூட்டத்தில் பின்வரிசையில் ஓர் அம்மா உட்கார்ந்திருந்தார். எழுபதைத் தாண்டியவர். மகனுக்கு இன்றும் அவர்தான் ஊட்டிவிட வேண்டும். வெளியே வரும்போது என்னிடம் சொன்னார்: "எனக்கு முன்னாடி அவன் போயிடணும்னுதான் தினமும் சாமிகிட்ட கேக்குறேன் தம்பி." பெற்ற தாயை இப்படி வேண்ட வைத்துவிட்டுத்தான் 'நலச் சங்கம்' என்று போர்டு மாட்டியிருக்கிறோம். வெட்கம் கெட்டவர்கள் நாம்.

உங்கள் தெருவிலும் நாலு பேர் வீடு கேட்டு வருவார்கள். எதிர்த்துக் கையெழுத்து வாங்க வரும் செயலாளரை வாசலோடு திருப்பி அனுப்புங்கள்.