தானமாட்டின் பல்

தானம் கொடுத்த மாட்டைப் பல்லைப் பிடித்துப் பார்க்காதே என்பார்கள். இலவசக் கல்வி என்ற மாடு 1945 இல் கல்வி அமைச்சர் கன்னங்கராவின் கையால் இலங்கைக்குக் கிடைத்தது. மலையகத் தோட்டங்களின் லயத்து வாசலுக்கு அது நடந்து வந்து சேர இன்னும் முப்பது வருடம் பிடித்தது. தோட்டப் பாடசாலைகளை அரசாங்கம் பொறுப்பேற்றதே 1970களில்தான். வரும்போதே மாட்டுக்குக் கிழடு தட்டியிருந்தது. கிடைத்ததே பெரிது என்று நாமும் பேசாமல் இருந்துவிட்டோம். இன்றைக்கு மட்டும் மரியாதை கெட்டு அதன் வாயைத் திறந்து பார்க்கப் போகிறேன். பேச்சே பல் வைத்தியப் படிப்பைப் பற்றியது என்பதால் குற்றமில்லை.

மாத்தளை மாவட்டத்தில் ரத்தோட்டைப் பக்கமோ எல்கடுவைப் பக்கமோ ஏதாவது ஒரு தோட்டத்தை எடுத்துக்கொள்ளுங்கள். உயர்தரத்துக்கு உயிரியல் படித்த பிள்ளை ஒன்று தேர்ட் ஷைக்கு, அதாவது மூன்றாந்தரம் பரீட்சை எழுத, காத்திருக்கும். முதல் ஷையில் பௌதிகவியல் காலை வாரியிருக்கும். செகண்ட் ஷையில் மூன்று பாடமும் சித்தி. ஆனால் வெட்டுப்புள்ளிக்கு ஒரு மயிரிழை கீழே. "டொக்டர் இல்லாட்டியும் டென்டலாச்சும் கெடைக்கும், இன்னொரு தரம் எழுதும்மா" என்று டியூஷன் மாஸ்டர் சொல்லியிருப்பார். "இன்னுமா அந்தப் புள்ள எழுதுது?" என்று பீலிக்கரையில் கேட்பார்கள். கேட்பவரை நான் குறை சொல்ல மாட்டேன். அந்தக் கேள்வியை எந்தக் கட்டிடத்துக்குக் கொண்டுபோய்க் கேட்பது என்று அவருக்கு யாரும் சொல்லித்தரவில்லை.

மூன்று தரம் எழுதலாம் என்பது அரசாங்கத்தின் பெருந்தன்மை. அதற்கு மேலும் உயர்தரம் எழுதலாம். ஆனால் அந்தப் பெறுபேற்றை வைத்துக்கொண்டு பல்கலைக்கழகத்துக்கு விண்ணப்பிக்க முடியாது. ஓட்டப்பந்தயத்தில் ஒருவனுக்குச் சப்பாத்து, இன்னொருவனுக்கு வெறுங்கால். வெறுங்காலனைப் பார்த்து "மூன்று தரம் ஓடிப் பார், தம்பி, நாங்கள் தடுக்கவில்லையே" என்கிறார்கள். சப்பாத்து எங்கே என்று கேட்டால் இன்னும் விலைமனுக் கோரவில்லையாம்.

ஆனால் பரீட்சையை நடத்துகிறவர்களுக்கு ஷைக் கணக்கே கிடையாது. 2011 உயர்தரத்தில் பழைய பாடத்திட்டக்காரரையும் புதிய பாடத்திட்டக்காரரையும் ஒரே சட்டியில் போட்டுக் கிண்டி இசட் புள்ளி எடுத்தார்கள். உயர் நீதிமன்றம் 2012 இல் அதைத் தூக்கி எறிந்து, வேறு வேறாகக் கணக்கிடச் சொன்னது. திரும்பச் செய்தார்கள். யாராவது "இது உங்கள் செகண்ட் ஷை" என்று அவர்களுடைய சான்றிதழில் எழுதினார்களா? 2022 ஆம் ஆண்டுக்கான உயர்தரம் 2023 ஜனவரி 23 இல் தொடங்கியது. அப்போது தினமும் இரண்டு மணித்தியாலத்துக்கு மேல் மின்வெட்டு. பரீட்சை முடியும்வரையாவது வெட்டாதீர்கள் என்று மனித உரிமைகள் ஆணைக்குழு சொல்லிப் பார்த்தது, கேட்பார் இல்லை. கொழும்பில் ஜெனரேட்டர், லயத்தில் குப்பி விளக்கு. பிறகு விடைத்தாள் திருத்தப் பல்கலைக்கழக விரிவுரையாளர்கள் வராமல் இழுபட்டு, பெறுபேறு வந்தது செப்டெம்பர் 4 ஆம் திகதி. அடுத்த பரீட்சை 2024 ஜனவரி 4. பெறுபேறு பார்த்து அழுது முடித்து, மறுபடி புத்தகத்தைத் திறக்க நாலே நாலு மாதம்! அந்த 2024 ஜனவரிப் பரீட்சையில் விவசாய விஞ்ஞான வினாத்தாள் கசிந்து, அதை இரத்துச் செய்து, திரும்ப நடத்தினார்கள். பிழை விட்டவர்களுக்குச் சம்பளத்தோடு மீள்பரீட்சை. பிள்ளைக்கு மட்டும் ஒவ்வொரு ஷையும் உடம்பில் குத்திய முத்திரை.

இசட் புள்ளியைச் சும்மா சொல்லக் கூடாது, அது ஒரு விஞ்ஞானம். 2001 இலிருந்து அதுதான் ஆட்சி. ஒவ்வொரு பாடத்திலும் நாட்டின் சராசரியிலிருந்து பிள்ளை எவ்வளவு மேலே, எவ்வளவு கீழே என்று பார்த்து, தசமத்துக்குப் பின்னால் நாலு இலக்கம்வரை அளந்து தருகிறார்கள். தட்டான் தங்கம் நிறுப்பதுகூட அவ்வளவு நுணுக்கமில்லை. அதே அரசாங்கத்தால், ஒரு பாடசாலைக்கு இரசாயனவியல் ஆசிரியர் இருக்கிறாரா இல்லையா என்ற முழு எண்ணை மட்டும் எண்ண முடியவில்லை. இருந்தால் ஒன்று, இல்லாவிட்டால் பூச்சியம். இதற்குத் தசமம்கூடத் தேவையில்லையே!

ஒரு பாடசாலையின் ஆய்வுகூடத்தை எட்டிப் பார்த்திருக்கிறேன், பெயர் வேண்டாம். கண்ணாடி அலுமாரிக்குள் பியூரெட்டுகள் வந்த மேனிக்கு, பஞ்சில் சுற்றியபடி. பூட்டு. சாவி முன்பிருந்த ஆசிரியரிடம். அவர் இடமாற்றத்தில் போய்விட்டார். பிள்ளைகள் கொப்பியில் பியூரெட்டைப் படமாக வரைந்து, நிறம் மாறும் இடத்தை "இளஞ்சிவப்பு" என்று எழுதிப் பாடமாக்குகிறார்கள். பரீட்சையில் வரும் கேள்வியோ, நிறம் மாறியபின் ஒரு துளி கூடிப்போனால் என்ன ஆகும் என்பது. துளியையே காணாத பிள்ளை என்னத்தை எழுதும்? நாலாவது தசமத்தில் வெட்டுப்பட்டது அந்த ஒரு துளியாகவும் இருக்கலாம்.

பாடசாலையில் இல்லாததை ஞாயிற்றுக்கிழமை காசு கொடுத்து வாங்க வேண்டும். மாத்தளையில் தமிழில் உயிரியல் பிரிவு நடத்தும் பாடசாலைகளை விரல் விட்டு எண்ணலாம் என்றால், பெரிய டியூஷன் மண்டபம் கண்டியில். விடியமுன் எழும்பி, டோர்ச் அடித்துக்கொண்டு மலை இறங்கி, முதல் பஸ்ஸில் மாத்தளை, அங்கிருந்து ஏ9 வீதியில் கண்டி. மண்டபத்தில் நூற்றுக்கணக்கில் பிள்ளைகள், மாஸ்டரிடம் மைக். பின்வாங்கிலில் இருப்பவருக்குக் கரும்பலகை தெரியாது, டியூட்டைப் பார்த்துக்கொள்ள வேண்டியதுதான். தியரி க்ளாஸ் ஒரு கட்டணம், ரிவிஷன் ஒரு கட்டணம், பேப்பர் க்ளாஸ் ஒரு கட்டணம். 2024 வர்த்தமானிப்படி அம்மாவின் அடிப்படை நாட்சம்பளம் 1350 ரூபாயாக இருந்தது. அதுவும் கொழுந்து நிறை குறைந்தால் அரைப்பேர், அதாவது அரைநாட் சம்பளம். ஒரு பாடத்தின் மாதக் கட்டணம் இரண்டு பேரையாவது விழுங்கும். மூன்று பாடம், மூன்று ஷை. பெருக்கிப் பார்க்கத் தெரியாமலா அம்மா இருக்கிறார்? தெரிந்துதான் தோட்டைக் கழற்றி அடகு வைத்தார். இலவசக் கல்வி என்று பாடப்புத்தகத்தில் இருக்கிறது. அதைக் கேள்வியாகக் கேட்டால் இலவசம் என்றே எழுதுங்கள், புள்ளி உண்டு.

சரி, மாவட்டக் கோட்டா இருக்கிறதே என்பார்கள். இருக்கிறது. 40 சதவீதம் நாடு முழுவதற்குமான திறமை வரிசை, 55 சதவீதம் மாவட்டங்களுக்கு அவற்றின் சனத்தொகைப்படி, மீதி 5 சதவீதம் கல்வியில் பின்தங்கியவை என்று குறித்த 16 மாவட்டங்களுக்கு. நுவரெலியா அந்தப் பட்டியலில் உண்டு, பதுளை உண்டு, இரத்தினபுரி உண்டு, பொலன்னறுவை உண்டு. மாத்தளை இல்லை. மாத்தளை முன்னேறிவிட்டது! தம்புள்ளையில் சந்தை இருக்கிறது, சீகிரியாவில் வெள்ளைக்காரன் ஏறுகிறான், நகரத்தில் முத்துமாரியம்மன் கோபுரம் ஒசந்து நிற்கிறது; இதற்கு மேல் என்ன வேண்டும்? நுவரெலியாவுக்காவது வெளிமாவட்டத்துப் பிள்ளைகள் கோட்டாவுக்காக வந்து குடியேறுகிறார்கள் என்ற மனக்குறை உண்டு. நமக்கு அந்தக் கௌரவமும் இல்லை. திருட வருமளவுக்கு வீட்டில் ஒன்றுமில்லை.

55 சதவீதத்தைக் கொஞ்சம் உற்றுப் பாருங்கள், அங்கேதான் சூட்சுமம். 2012 குடிசன மதிப்பீட்டில் மாத்தளை மாவட்டத்தில் 4 இலட்சத்து 84 ஆயிரம் பேர். ஏறக்குறைய பத்தில் ஒருவர் தமிழர். மாவட்டத்துக்கு எத்தனை ஆசனம் என்று கணக்குப் போடும்போது லயத்துத் தலைகளும் எண்ணப்படுகின்றன. ஆசனம் பங்கு போடும்போது, நகரத்தில் வசதியான பாடசாலையில் படித்து, வீட்டுக்கே மாஸ்டரை வரவழைத்த பிள்ளையும் தோட்டத்துப் பிள்ளையும் ஒரே மாவட்ட வரிசை. மாவட்டத்துக்குள் மாவட்டம் கிடையாது. இது புதிய தந்திரமுமல்ல. 1948 இல் பிரஜாவுரிமையைப் பறித்து வாக்கில்லாமல் செய்தபின்னும், மலையகத் தேர்தல் தொகுதிகளைப் பிரிக்கும்போது நம் தலைகளை எண்ணத் தவறவில்லை. எண்ணிக்கையில் நாம், கதிரையில் அவர்கள். சனத்தொகைக்கு நம்மைப் போல உபயோகமான சனம் இந்த நாட்டில் வேறில்லை.

1971 வாக்கில் மருத்துவத்துக்குத் தமிழில் எழுதியவருக்கு 250 புள்ளி, சிங்களத்தில் எழுதியவருக்கு 229 என்று தரப்படுத்தினார்களே, அது யாழ்ப்பாணத்தின் காயம். அதைப் பற்றி எழுதிய புத்தகங்களை அடுக்கினால் ஒரு அலுமாரி நிரம்பும். நமக்கு அந்தக் காயம்கூட வாய்க்கவில்லை. புள்ளியைக் குறைப்பதற்கு நம் பிள்ளை பரீட்சை மண்டபம்வரை போயிருக்க வேண்டுமே. தமிழ்நாட்டில் நீட் என்று ஒன்றை வைத்துப் பிள்ளைகளை வருடக்கணக்கில் திரும்பத் திரும்ப எழுதவைக்கிறார்கள். அங்கே சத்தம் போடச் சட்டமன்றம் இருக்கிறது. 2020 இல் அரசுப் பள்ளி மாணவருக்கு 7.5 சதவீதம் உள் ஒதுக்கீடு வாங்கினார்கள், பல் மருத்துவத்துக்கும் சேர்த்து. நமது தலைவர்களும் சத்தம் போடுவார்கள், தேர்தல் மேடையில், மைக் நல்லதாக இருந்தால்.

இப்போது பல் மருத்துவ பீடத்துக்கு வருவோம். 1943 இல் கொழும்பில் தொடங்கிய படிப்பு, 1950களில் பேராதனைக்கு வந்தது. பல தசாப்தங்களாக நாட்டிலேயே ஒரேயொரு பல் மருத்துவ பீடம் அதுதான். ஸ்ரீ ஜயவர்தனபுரவில் இன்னொன்று வந்தது அண்மையில். மாத்தளை நகரத்திலிருந்து பேராதனைக்கு முப்பது கிலோமீற்றர் சொச்சம். ஆங்கிலேயன் 1880 இல் போட்ட ரயில்பாதைகூட மாத்தளையிலிருந்து நேரே பேராதனைச் சந்திக்குத்தான் போகிறது. கோப்பி மூட்டை போன வழி. பிள்ளை போகத்தான் வழியில்லை.

ஆனால் தோட்டத்து வாய் அந்தப் பீடத்துக்குப் புதிதல்ல. வெற்றிலை, பாக்கு, புகையிலை. குளிருக்கும் பசிக்கும் அட்டைக்கடிக்கும் அதுதான் மருந்து. இலங்கையில் ஆண்களுக்கு அதிகம் வரும் புற்றுநோய் வாய்ப் புற்றுநோய். மத்திய மலைநாட்டுத் தேயிலைத் தோட்டத் தொழிலாளரின் வாயைத் திறந்து பார்த்து, வெள்ளைத் திட்டு எத்தனை, புற்று எத்தனை என்று கணக்கெடுத்த ஆய்வு 2007 இல் சர்வதேச மருத்துவ ஏடொன்றில் வெளிவந்தது. நல்ல ஆய்வு, தேவையான ஆய்வு. எழுதியவர்கள் மேல் எனக்குக் கோபமில்லை. கோபம் வேறு கணக்கில். பாட்டியின் வாய் ஆய்வுக்கு உள்ளே போய்விட்டது. பேத்தி வெளியே, தேர்ட் ஷை அனுமதி அட்டையோடு நிற்கிறாள். "ஆ, நல்லா தொறங்க ஆத்தா" என்று தோட்டத்துத் தமிழில் சொல்லக்கூடிய ஒரு பல் வைத்தியரை உண்டாக்குவதைவிட, மொழிபெயர்ப்பாளரோடு போய் வாயைத் திறக்கச் சொல்வது மலிவு போலிருக்கிறது.

தேர்ட் ஷையும் போனால்? மாட்டுக்கு அதற்கும் ஒரு பல் இருக்கிறது. பத்து வருடத்துக்கு முன் தோட்டப் பாடசாலைகளுக்கு உயர்தரம் சித்தியடைந்தவர்களை ஆசிரியர் உதவியாளர் என்று ஆயிரக்கணக்கில் எடுத்தார்கள். மாதக் கொடுப்பனவு 6,000 ரூபாய். கெஞ்சிக் கூத்தாடியபின் 10,000. ஆசிரியர் இல்லாததால் வெட்டுப்புள்ளியைத் தவறவிட்ட பிள்ளையை, ஆசிரியர் இல்லாத அதே பாடசாலைக்கு, ஆசிரியர் அல்லாத பெயரில், ஆசிரியர் சம்பளமில்லாமல் அனுப்பி வைத்தார்கள். இதைத் திட்டமிட்டவர் யாரென்று தெரிந்தால் நான் மாலை போடுவேன். எந்தச் சட்டத்திலும் அகப்படாத கெட்டிக்காரத்தனம்.

பீலிக்கரையில் கேட்ட கேள்வியைச் சரியான கட்டிடத்தில் கேட்க, 2016 ஆம் ஆண்டின் 12 ஆம் இலக்கத் தகவல் அறியும் உரிமைச் சட்டம் என்று ஒன்றிருக்கிறது. மாத்தளையில் தமிழ் மொழிமூல உயிரியல், இரசாயனவியல், பௌதிகவியல் ஆசிரியர் வெற்றிடம் எத்தனை? கடந்த பத்து வருடத்தில் இந்த மாவட்டக் கோட்டாவில் மருத்துவத்துக்கும் பல் மருத்துவத்துக்கும் போனவர்களில், தோட்டப் பாடசாலையில் முதலாம் வகுப்பைத் தொடங்கியவர்கள் எத்தனை பேர்? இந்த இரண்டு கேள்விதான். தமிழில் எழுதிக் கொடுக்கலாம், தேர்ட் ஷை எழுதுகிற பிள்ளையே எழுதிக் கொடுக்கலாம். 14 வேலை நாட்களுக்குள் தகவல் அலுவலர் முடிவு சொல்ல வேண்டும். சொல்லாவிட்டால் குறித்தளிக்கப்பட்ட அலுவலரிடம் மேன்முறையீடு. அங்கேயும் இல்லாவிட்டால் தகவல் அறியும் உரிமை ஆணைக்குழு. எண்ணிப் பார்த்தால் கேட்கப்பட்ட திணைக்களத்துக்கும் சட்டம் மூன்று ஷை கொடுத்திருக்கிறது. மூன்றிலும் கோட்டை விட்டாலும் பயமில்லை, அவர்களை யாரும் கார்மென்ட்ஸ் வேலைக்கு அனுப்பப் போவதில்லை.