நீடாமங்கலம் ரயில்வே கேட்டும் அவிச்ச கடலையும்: ஸ்டேட் மேலாண்மை குறித்த ஓர் ஆய்வு

தஞ்சாவூர்–நாகப்பட்டினம் சாலையில் போய்வருகிற எவரும் நீடாமங்கலம் ரயில்வே கேட்டில் ஆயுளில் கொஞ்சத்தைக் கழித்திருப்பார். அப்படிக் கழிந்ததை ஆய்வுக் கணக்கில் எழுதிக்கொண்டவன் என்ற ஒரே தகுதியில் இதைச் சமர்ப்பிக்கிறேன்.

ஆய்வுப் பொருள் இது: "கேட் போட்டாச்சு" என்ற ஒற்றைச் செய்தி, அதை வைத்துப் பிழைக்கிற அத்தனை பேரிடமும் எப்படிப் போய்ச் சேர்கிறது?

இணையச் செயலி எழுதுவோரின் தலைவலியும் இதேதான். கூடையில் எத்தனை சாமான் என்பது திரையின் மேல்மூலைக்கும் தெரிய வேண்டும், அடியிலுள்ள பணம் கட்டும் பொத்தானுக்கும் தெரிய வேண்டும். திரையைக் காம்போனென்ட் என்ற துண்டுகளாகக் கட்டும் ரியாக்ட் நிரலகத்தின் பழைய வழி, தாய் காம்போனென்ட் பிள்ளையிடம், பிள்ளை பேரனிடம் என்று ப்ராப்ஸாகக் கைமாற்றுவது. கேட்டில், முதல் கார்க்காரர் சொன்ன "கூட்ஸ் வருது" எட்டாவது வண்டிக்கு வருவதும் இப்படித்தான். நடுவிலிருக்கும் ஆறு பேருக்கு அதனால் காலணா பயனில்லை, சுமந்ததுதான் மிச்சம்.

2015-இல் டான் அப்ரமோவும் ஆண்ட்ரூ கிளார்க்கும் கொண்டுவந்த ரிடக்ஸ் நிரலகம், ஸ்டேட் (செயலியின் அப்போதைய நிலை) முழுவதையும் ஒரே ஸ்டோரில் வைத்தது. வேண்டியவர் நேரே பார்த்துக்கொள்ளலாம். இங்கே ஸ்டோர், சாலைக்குக் குறுக்கே கிடக்கும் கம்பம்.

காம்போனென்ட்டை ஸ்டோரோடு கட்ட முதலில் கனெக்ட் இருந்தது. 2019-இல் யூஸ்செலக்டர் வந்தது. முழு ஸ்டேட்டும் உனக்கெதற்கு, வேண்டியதை மட்டும் எடு என்பதே இரண்டின் சாரம். அப்படி எடுப்பதுதான் செலக்டர். எடுத்தது மாறினால்தான் காம்போனென்ட் அசையும். கடலைக்காரம்மாவின் செலக்டர் ஒரே கேள்வி: மூடியிருக்கா? வருவது மன்னார்குடி வண்டியா, நெல் ஏற்றிய கூட்ஸா என்பதெல்லாம் அவருக்குப் பொருட்டல்ல. கம்பம் இறங்க ஆரம்பிக்கும்போதே கூடை இடுப்புக்கு ஏறிவிடும். முதல் பஸ் ஜன்னலை அடையும்போது காகிதச் சுருள் கையில். டீக்கடைக்காரரின் செலக்டர் நுணுக்கமானது. பயணிகள் ரயில் என்றால் அடுப்பைத் தொடமாட்டார். முன்னும் பின்னும் போய் வேகன் கோக்கிற கூட்ஸ் என்றால் இன்னொரு பால் பாக்கெட்டை வெட்டுவார்.

ஸ்டேட்டைப் பார்க்கலாம், கை வைக்கக் கூடாது என்பது ரிடக்ஸின் கண்டிப்பு. வண்டியைச் சாய்த்துக் கம்பத்துக்கடியில் நுழையும் பைக்குக்காரர்கள் இந்த விதியை மீறுகிறார்கள் (ரயில்வே சட்டத்தையும்தான்). லாரிக்காரரின் ஹாரன் அப்படியல்ல. அது ஸ்டேட்டை மாற்றச் சொல்லி முறைப்படி அனுப்பப்பட்ட ஆக்‌ஷன். ஆனால் தனக்குத் தெரியாத ஆக்‌ஷன் வந்தால், அடுத்த ஸ்டேட்டைக் கணக்கிடும் ரிட்யூசர் இருந்த ஸ்டேட்டையே திருப்பித் தர வேண்டும். கேட்கீப்பர் இதை எந்தப் பயிற்சி வகுப்பிலும் படித்திருக்க வாய்ப்பில்லை. கடைப்பிடிப்பதில் மட்டும் பிசகே இல்லை. ஸ்டேஷன் மாஸ்டரின் போனுக்குத்தான் அவர் அசைவார்.

ஜாவாஸ்கிரிப்டில் குளோஷர் என்றொன்று உண்டு. பெயரின் பொருளே மூடல்தான். அது சில சமயம், தான் பிறந்த நேரத்து மதிப்பையே பிடித்துக்கொண்டு கிடக்கும். வெளியே எல்லாம் மாறியிருக்கும், அதற்குத் தெரியாது. நான் பஸ்ஸை விட்டு இறங்கி வாழைக்காய் பஜ்ஜி வாங்கியபோது கேட் மூடியிருந்தது. இரண்டாவது பஜ்ஜியைச் சட்னியில் தோய்க்கும்போதும் என் மனத்தில் மூடியேதான் இருந்தது.

"அண்ணே, பஸ்ஸு போயிட்டு," என்றார் டீக்கடைக்காரர். "ஒக்காருங்க. அடுத்த கேட்டுல இன்னொண்ணு வந்து மாட்டும்."