அமர்வியல்: பொதுவிடத்தில் உட்காருவது பற்றிய முன்னாய்வு

நடந்துபோகிறவரை யாரும் எதுவும் கேட்பதில்லை. உட்கார்ந்தால்தான் "என்ன வேணும்?" என்ற கேள்வி வருகிறது. தமிழ்நாட்டின் பொதுவிடங்களில் காத்திருக்க அனுமதி உண்டு, சும்மா உட்கார்ந்திருக்கக் கிடையாது என்பது இவ்வாய்வின் கருதுகோள்.

இவ்விஷயத்தில் ரயில்வே வெளிப்படையானது. பிளாட்பார டிக்கெட் சாதாரண நாளில் 10 ரூபாய், 2 மணி நேரம் செல்லும். ஆக மணிக்கு 5 ரூபாய். நிற்பவருக்கும் அதே கட்டணம்தான் என்பதால் நிற்பது நட்டம்.

டீக்கடை பெஞ்ச் நுட்பமான களம். அங்கே டீ என்பது பானமல்ல, இருப்பிடச் சான்றிதழ். கிளாஸில் ஒரு மடக்கு மிச்சமிருக்கும்வரை உட்கார்ந்தவரை எழுப்ப மாஸ்டருக்கு அதிகாரமில்லை. ஆகவே தேர்ந்தவர்கள் அந்தக் கடைசி மடக்கைக் குடிப்பதில்லை, பராமரிக்கிறார்கள். காலி கிளாஸ் பொறுக்க வருபவரின் கை நீளும் கணத்தில் கிளாஸை உதடுவரை கொண்டுபோய், குடிக்காமல் இறக்கி வைப்பது இத்துறையின் உயர்நிலைப் பயிற்சி. தினத்தந்தி துணை ஆவணம். நடுத்தாள் மட்டும் கையில் சிக்கினாலும் செல்லும்.

அதே பெஞ்சில் ஒரு பெண் தனியாக உட்கார்ந்தால் மட்டும் கிளாஸ் நிறைய டீ இருந்தும் சான்றிதழ் செல்லாது. பஸ் ஸ்டாப்பில் அவர் உட்காரலாம். ஆனால் வரிசையாகச் சில பஸ்களை விட்டுவிட்டால், "எங்கம்மா போகணும்?" என்று விசாரணை தொடங்கிவிடும், பரிவோடுதான். மும்பைப் பெண்களின் இந்தச் சிக்கலை வைத்து ஷில்பா பட்கே, சமீரா கான், ஷில்பா ரானடே மூவரும் 2011இல் 'வொய் லாய்ட்டர்?' என்று ஒரு நூலே எழுதினார்கள். நம் பெஞ்சுக்கு இன்னும் ஆள் வரவில்லை.

அந்தக் காலத்தில் திண்ணை இருந்ததே என்று பெருமூச்சு விடுவோர், அந்தத் திண்ணை இருந்த தெருவுக்குள்ளேயே யாரை விடவில்லை என்பதற்கும் சேர்த்து விட்டால் நல்லது. வழியோரச் சுமைதாங்கிக் கல்லில் அந்த வம்பில்லை. நட்ட கல் இரண்டு, குறுக்கே ஒரு கல். பிள்ளை பெறாமலே வயிற்றுச் சுமையோடு இறந்துபோன பெண்ணின் நினைவாக வைப்பார்கள். தலைச்சுமைக்காரர் யார் கையையும் எதிர்பாராமல் பாரத்தை இறக்கி, ஏற்றிக்கொள்ளலாம். ஆனால் ஆய்வாளர் கண்ணுக்கு ஒன்று தப்பாது: அங்கேயும் மூட்டைதான் உட்காருகிறது. ஆள் பக்கத்தில் நிற்கிறார்.

இக்காலப் பொறியியலும் அதே வழியில் முன்னேறியிருக்கிறது. பஸ் ஸ்டாப்பில் முன்பக்கம் சரிந்த இரும்புக் குழாய்கள், தொடையில் கோடு விழும்வரை ஆளைத் தாங்கும். கடைப்படிகளில் சாயங்காலம் ஒரு வாளித் தண்ணீர் ஊற்றிவிடுகிறார்கள். கேட்டால் சுத்தம் என்பார்கள்.

கடைசியாக, பூங்கா. செருப்பைத் தலைக்கு வைத்துப் பெஞ்சில் படுத்தவரிடம் வாட்ச்மேன் சொன்னது: "எந்திரி, எந்திரி." அடுத்த பெஞ்சில் லேப்டாப் பையைத் தலைக்கு வைத்துப் படுத்தவரிடம் கேட்டது: "சார், உடம்பு சரியில்லையா?" எனவே இவ்வாய்வு பரிந்துரைக்கும் கருவி லேப்டாப் பை. உள்ளே லேப்டாப் இருக்க வேண்டிய அவசியமில்லை.